வண்டலை இறக்கிய கைகள்

ஷாம்பெயின் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு துறவியின் கதையோடுதான் வருகிறார்கள். ஓவில்லே மடத்தில் தோம் பெரிஞோன் என்று ஒருவர் இருந்தாராம், ஒயினுக்குள் குமிழியைக் கொண்டுவந்தவர் அவர்தானாம். நான் காரைக்காலில் பிறந்தவன். பாரிஸில் ஒரு ஒயின் கடையில் வேலை பார்க்கிறேன். டிசம்பர் பிறந்துவிட்டால் இந்தக் கதை காதில் விழாத நாளே கிடையாது. அந்தத் துறவிமேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனால் குமிழி வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் பட்ட பாடெல்லாம்.

பியேர் பெரிஞோன் 1668இல் அந்த மடத்துக்கு வந்து நிலவறைப் பொறுப்பை ஏற்றார். 1715இல் இறக்கும்வரை அதே பொறுப்பு. பாரிஸுக்கு வடகிழக்கே இருக்கும் ஷாம்பெயின் வட்டாரத்தில் குளிர் சீக்கிரமே வந்துவிடும். அறுவடை முடிந்து சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே பனி இறங்கி ஈஸ்ட்டைத் தூங்க வைத்துவிடும். நொதித்து முடிந்தது என்று நம்பி அடைத்து வைத்தால், வசந்தத்தில் அது மறுபடி எழுந்துகொள்ளும். வெளியே போக வழியில்லாத வாயு ஒயினிலேயே கரைந்து நுரைக்கும். அதை அந்தக் காலத்தில் கோளாறு என்றார்கள். வெவ்வேறு தோட்டத்துத் திராட்சைகளைக் கலந்து சுவையைச் சீராக்குவது, கருந்திராட்சையை மெல்லப் பிழிந்து நிறமில்லாத சாறு எடுப்பது ஆகிய இரண்டையும் அவர் நன்றாகச் செய்தார். குமிழிக்கான பெருமை அவர் தலையில் ஏறியது 1821இல், அதே மடத்தில் இருந்த க்ரோசார் என்ற துறவி எழுதிய ஒரு கடிதத்தால்.

வேண்டுமென்றே நுரைக்க வைப்பது பற்றிய எழுத்துப் பதிவு லண்டனில் கிடைக்கிறது. ஒயின் வியாபாரிகள் சர்க்கரை சேர்த்து ஒயினைத் துள்ள வைக்கிறார்கள் என்று கிறிஸ்டோபர் மெரெட் 1662 டிசம்பரில் ராயல் சொசைட்டிக்குத் தந்த கட்டுரையில் எழுதியிருக்கிறார். ஓவில்லே மடத்துக்குப் பெரிஞோன் வருவதற்கு ஆறு வருஷம் முன்பு. இங்கிலாந்தில் மரத்தைக் கப்பல் கட்ட ஒதுக்கிவிட்டு, கண்ணாடி உலைகளை நிலக்கரிக்கு மாற்றியிருந்தார்கள். நிலக்கரிச் சூட்டில் வார்த்த கண்ணாடி தடித்தது, உறுதியானது. நுரைக்கும் ஒயினை அடைக்க முதலில் அதைத் தாங்கும் பாட்டில் வேண்டும். அந்தப் பாட்டில் ஆங்கிலேயர்களிடம் இருந்தது.

பிரான்சில் 1728வரை ஒயின் பீப்பாயில்தான் ஊர்விட்டு ஊர் போக வேண்டும் என்று சட்டம். அந்த வருஷம் மே மாதம் பதினைந்தாம் லூயி, ஷாம்பெயினைப் பாட்டிலில் அனுப்பலாம் என்று ஆணையிட்டார். அடுத்த ஆண்டே ரான்ஸ் நகரில் ருய்னார் நிறுவனம் தொடங்கிவிட்டது. 1743இல் எப்பர்னேயில் மொவெத். கதவு திறந்ததும் உள்ளே நுழைந்தவர்கள் இவர்கள். ஆனால் ஒரு ஷாம்பெயின் பாட்டிலுக்குள் ஐந்தாறு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு. ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதையும் உடைக்கும், அது அடுத்ததை உடைக்கும். நிலவறைக்குள் இறங்குகிறவர்கள் முகத்தில் இரும்புக் கம்பிக் கவசம் மாட்டிக்கொண்டுதான் போனார்கள். போட்ட முதலில் பெரும்பங்கைத் தரையில் ஓடவிட்டு, மிஞ்சியதை விற்ற வருஷங்களும் இருந்தன.

வெடிக்காமல் தப்பிய பாட்டிலிலும் இன்னொரு தொல்லை இருந்தது. பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்ததால் செத்த ஈஸ்ட் அங்கேயே கிடக்கும். அசைத்தால் ஒயின் முழுக்கக் கலங்கிவிடும். தெளிய வைக்க ஒரு பாட்டிலிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவார்கள். வண்டலோடு நுரையும் பாதி போய்விடும். இங்கேதான் பார்ப்-நிக்கோல் போன்சார்தென் வருகிறார். உலகம் அவரை விதவை க்ளிக்கோ என்றே அழைக்கிறது.

1777இல் ரான்ஸில் துணி வியாபாரியின் மகளாகப் பிறந்தவர். 1798இல் ஃபிரான்சுவா க்ளிக்கோவைக் கல்யாணம் செய்துகொண்டார். 1805இல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது 27, கையில் ஒரு பெண் குழந்தை. அன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி மணமான பெண் கணவரின் சம்மதம் இல்லாமல் வியாபாரம் செய்ய முடியாது. விதவைக்கு அந்தக் கட்டு இல்லை. மாமனாரிடம் பேசி ஒயின் வியாபாரத்துக்கு முதல் வாங்கினார். இன்னொரு வியாபாரியோடு சேர்ந்து செய்த கூட்டு வியாபாரம் நாலு வருஷத்தில் முடிந்து போனது. 1810இல் தன் பெயரிலேயே நிறுவனத்தை நடத்தத் தொடங்கினார். நெப்போலியனின் போர்களால் துறைமுகங்கள் அடைபட்டுக் கிடந்த காலம் அது. 1814இல் நெப்போலியன் பதவி இறங்கியதும், தடை முறைப்படி நீங்கும்வரை காத்திருக்காமல், டச்சுக் கப்பல் ஒன்றில் 10,550 பாட்டில்களைப் பால்டிக் பக்கம் அனுப்பினார். எல்லாம் 1811 அறுவடை. வானில் பெரிய வால்நட்சத்திரம் தெரிந்த வருஷம் அது, விளைச்சலும் அபாரம். அவருடைய விற்பனையாளர் லூயி போன், சரக்கோடு ருஷ்யச் சந்தையைத் தொட்டபோது போட்டிக்கு ஆளே இல்லை.

ஆர்டர் குவிந்தது. கலங்கலில்லாத பாட்டிலை அவ்வளவு வேகமாக எப்படித் தருவது? 1816 வாக்கில், நிலவறைத் தலைவர் அந்துவான் முல்லரோடு சேர்ந்து அவர் கண்ட வழி இன்றும் நடக்கிறது. மரப்பலகையில் துளை போட்டு பாட்டிலின் கழுத்தைச் செருகி, நாள்தோறும் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் சாய்த்து, ஆறேழு வாரத்தில் தலைகீழாக நிறுத்துவது. வண்டல் முழுக்கக் கழுத்துக்கு வந்து கார்க்கின்மேல் உட்கார்ந்துவிடும். அடைப்பை எடுத்தால் உள்ளே இருக்கும் அழுத்தமே வண்டலைத் தள்ளிவிடும். நுரை தங்கும், ஒயின் தெளியும். முதல் பலகை அவர் வீட்டு அடுக்களை மேஜை என்று அங்கே சொல்வார்கள்.

எப்பர்னேக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், இன்னமும் கையால் திருப்புகிற ஒருவரோடு அவருடைய நிலவறையில் நின்றிருக்கிறேன். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த அறை, நல்ல குளிர். கூரை போலச் சாய்ந்த இரண்டு பலகைகள், பக்கத்துக்கு 60 துளை. ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு. நேற்று எதுவரை திருப்பினோம் என்று அது சொல்லும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இரண்டு பாட்டில். விரல்கள் அடிப்பாகத்தைப் பிடிக்கின்றன, மணிக்கட்டு ஒரு வெட்டு வெட்டுகிறது, எட்டில் ஒரு பங்கு சுற்று, அடுத்த ஜோடி. கண்ணாடி மரத்தில் தட்டும் சத்தம் விடாமல் கேட்கிறது. கைதேர்ந்தவர் ஒரு நாளைக்கு 40,000 பாட்டில் திருப்புவார். ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். கனமான வண்டல் மணல்போல முன்னால் சரிந்திருந்தது. அதன் பின்னால் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் படலத்தைக் கீழே இறக்கத்தான் அந்த வெட்டு. மெல்லத் திருப்பினால் அது அசையாது, முரட்டுத்தனமாகத் திருப்பினால் இறங்கியதும் மேலே கிளம்பிவிடும். 1970களிலிருந்து இந்த வேலையை இயந்திரக் கூண்டு செய்கிறது. ஒரே கூண்டில் 504 பாட்டில், ஒரு வாரத்தில் முடிந்துவிடும். சுவையில் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் உலகத்துக்குத் தெளிந்த ஒயினைக் கொடுத்த அந்த மணிக்கட்டுகளுக்கு ஒரு பெயர்கூட லேபிளில் இல்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

அன்றைய சுவை நமக்குப் பிடித்திருக்குமா என்று கேட்பார்கள். 2010இல் பால்டிக் கடலில், ஓலாந்து தீவுகளுக்கு அருகே சுமார் 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து 168 பாட்டில்களை எடுத்தார்கள். க்ளிக்கோ பாட்டில்களும் இருந்தன. ஆராய்ந்தபோது லிட்டருக்குச் சுமார் 150 கிராம் சர்க்கரை! இன்று ‘ப்ரூட்’ என்று எழுதியிருந்தால் 12 கிராமுக்குள் இருக்க வேண்டும். இந்த மாற்றத்துக்கு இன்னொரு விதவை காரணம். ஆங்கிலேயர்களுக்கு இனிப்பு குறைவாகப் பிடிக்கும் என்று கண்டுகொண்ட லூயிஸ் பொம்மெரி, 1874 அறுவடையைக் கிட்டத்தட்டச் சர்க்கரை இல்லாமல் வெளியிட்டார். சர்க்கரை கூடினால் மட்டமான சாறுகூட மறைந்துகொள்ளும். குறைத்தால் எல்லாம் வெளியே தெரிந்துவிடும். நல்ல திராட்சை இருந்தாலொழிய இந்தத் துணிச்சல் வராது.

அந்தத் திராட்சையை விளைவித்தவர்கள் கதைக்கு வருகிறேன். பெரிய நிறுவனங்களுக்குச் சொந்த நிலம் குறைவு. ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகளிடம் வாங்கித்தான் ஒயின் செய்தார்கள். 1890இல் ஃபிலாக்ஸெரா பூச்சி இந்த வட்டாரத்துக்குள் நுழைந்து வேர்களைத் தின்னத் தொடங்கியது. அடுத்தடுத்து மோசமான விளைச்சல். 1910இல் கிட்டத்தட்ட ஒன்றுமே தேறவில்லை. அந்த நேரத்தில் சில வியாபாரிகள் லுவார், தெற்கு பிரான்ஸ் என்று வெளியூரிலிருந்து மலிவான ஒயினை ரயிலில் இறக்கி, ‘ஷாம்பெயின்’ என்று லேபிள் ஒட்டினார்கள். விளைந்த கொஞ்சத் திராட்சைக்கும் விலை கிடைக்கவில்லை. 1911 ஜனவரியில் விவசாயிகள் வண்டிகளை மறித்து, அந்த ஒயினைக் கொட்டிக் கவிழ்த்தார்கள். 1908இல் அரசு போட்ட எல்லைக்கோட்டில் தெற்கே இருக்கும் ஓப் மாவட்டம் விடுபட்டிருந்தது, அங்கேயும் போராட்டம். அதைச் சமாளிக்க எல்லையையே எடுத்துவிடலாம் என்று செனட் பேசிய செய்தி ஏப்ரலில் வந்ததும் வடக்கே இருக்கும் மார்ன் மாவட்டத்து விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். ஏப்ரல் 12 அன்று ஆயி ஊரில் வியாபாரிகளின் மாளிகைகளும் கிடங்குகளும் எரிந்தன. குதிரைப்படை இறங்கியது. பாட்டில்மேல் இருக்கிற அந்த ஒற்றைப் பெயருக்கு எல்லை வகுத்துக் கொடுத்தவர்கள் இந்த விவசாயிகள்தான் என்பேன். ஓப் மாவட்டத்தை முழுமையாகச் சேர்த்துக்கொள்ள 1927வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வாங்கும்போது நான் பார்க்கச் சொல்லுவது இதையொட்டித்தான். லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு பதிவு எண் இருக்கும். அதற்கு முன் இரண்டு எழுத்து. ‘என்.எம்.’ என்றால் திராட்சையை விலைக்கு வாங்கிச் செய்யும் நிறுவனம். ‘ஆர்.எம்.’ என்றால் தன் தோட்டத்துத் திராட்சையில் தானே செய்யும் விவசாயி. ‘சி.எம்.’ கூட்டுறவுச் சங்கம். என்.எம். மட்டம் என்று சொல்ல மாட்டேன். பல ஊர், பல வருஷத்து ஒயினைக் கலந்து ஒரே சுவையைக் காப்பது பெரிய வித்தை. ஆனால் ஒரு மண்ணின் சுவை எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவருக்கு ஆர்.எம். கொடுப்பேன். பின்பக்க லேபிளில் வண்டல் நீக்கிய தேதி இருந்தால் இன்னும் நல்லது. வண்டலோடு கிடந்த காலம்தான் ரொட்டி வாசனையைத் தருகிறது. சாதாரண ஷாம்பெயின் பாட்டிலிட்ட பின் 15 மாதமாவது நிலவறையில் இருந்தாக வேண்டும், வருஷம் குறித்தது மூன்று ஆண்டு. நல்ல விவசாயிகள் அதைத் தாண்டியே வைக்கிறார்கள். பனிக்கட்டி போலக் குளிரவிடாமல் பத்து டிகிரி அளவில், வாய் கொஞ்சம் அகன்ற கிண்ணத்தில் ஊற்றுங்கள். ஒல்லிக் குழல் கிண்ணத்தில் குமிழி அழகாக ஏறும், வாசனை மேலே வராது.

பாரிஸின் லா ஷப்பேல் பகுதியிலிருந்து வரும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர், மகளின் கல்யாணப் பதிவுக்கு வாங்க வந்தபோது, “தம்பி, பேர் கேட்ட சாமான் வேண்டாம், நல்ல சாமான் தா” என்றார். ஓப் மாவட்டத்து விவசாயி ஒருவரின் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். பினோ நுவார் திராட்சை மட்டுமே. பழச்சுவை முன்னால் நிற்கும். ‘க்ராண்ட் க்ரூ’ என்ற உயர்தகுதி பெற்ற 17 ஊர்களும் மார்னில்தான் இருக்கின்றன, ஓப்பில் ஒன்றுகூட இல்லை. அதனால் அந்தப் பக்கத்து விலை இன்னும் நம் கைக்கு எட்டுகிறது. அவர் ஆறு பாட்டில் வாங்கிப் போனார். அடுத்த மாதம் அவருடைய தம்பியும் அதையே கேட்டு வந்தார்.