பழுப்புக் கறையில் பிறந்த பற்பசை

குழந்தைகளின் பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் ஃபுளோரைடு பற்பசைக்கு மூல காரணமானவர் சொத்தைக்கு மருந்து தேடியவரே இல்லை. பல்லில் படிந்த ஒரு கறை எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, அந்தக் கேள்வியை முப்பது வருடம் விடாமல் துரத்திய ஒரு பல் மருத்துவர் அவர். பற்பசையை எவ்வளவு பிதுக்க வேண்டும், ஏன் துப்ப வேண்டும் என்று இன்று மருத்துவர்கள் சொல்வதற்கெல்லாம் அவருடைய தேடலில்தான் விடை இருக்கிறது. அதனால் பிள்ளை வளர்க்கிறவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

1901ஆம் ஆண்டு, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த கையோடு ஃபிரெடரிக் மெக்கே அமெரிக்காவின் ராக்கி மலையடிவாரத்தில் இருக்கும் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வந்து மருத்துவமனை திறந்தார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் வாயைத் திறந்தால் பல்லெல்லாம் பழுப்பு. சிலருக்கு முன்பற்கள் முழுக்கவே சாக்லேட் நிறம். எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறை. மருத்துவ நூல்களைப் புரட்டினார், அப்படி ஒரு நோயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஊர்க்காரர்களோ ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: பன்றிக்கறி அதிகம் தின்பதால் என்றார்கள், மட்டமான பால் என்றார்கள், தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்றார்கள். உள்ளூர் மருத்துவர்களுக்கு அது பழகிப்போன காட்சி, அதில் யாருக்கும் அக்கறை இல்லை.

மெக்கே விடவில்லை. அந்தக் காலத்தில் பல் மருத்துவத்தின் பெரிய பெயர் சிகாகோவைச் சேர்ந்த ஜி. வி. பிளாக். அவருக்கு எழுதி எழுதி, 1909இல் ஊருக்கே வரவழைத்துவிட்டார். அதற்குள் உள்ளூர்ப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்ததில், அங்கேயே பிறந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்குக் கறை இருந்தது. பிளாக்கும் மெக்கேயும் சேர்ந்து இரண்டு விஷயங்களைக் கவனித்தார்கள். வளர்ந்த பிறகு அந்த ஊருக்குக் குடிவந்தவர்களுக்குக் கறை வருவதில்லை. அப்படியென்றால் பல் முளைத்த பிறகு வெளியே ஒட்டிய அழுக்கு இல்லை இது, ஈறுக்குள் எனாமல் உருவாகும் வயதிலேயே நடக்கும் கோளாறு. இரண்டாவது விஷயம் இருவரையும் திகைக்க வைத்தது. பார்க்க அவலட்சணமான அந்தப் பற்களில் சொத்தை மிகக் குறைவு. அதற்கு என்ன காரணம் என்பது புரியாமலே 1915இல் பிளாக் காலமானார்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இடாஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூரில் நடக்கிறது. 1923இல் அங்கிருந்த பெற்றோர் மெக்கேயிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். சில மைல் தள்ளி இருக்கும் ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குப் பொதுக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளின் பல்லில் கறை வர ஆரம்பித்தது என்றார்கள். தண்ணீரைச் சோதித்ததில் ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனாலும் அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்றுத் தண்ணீருக்கு மாறிவிடுங்கள் என்று மெக்கே சொன்னார். மாறினார்கள். சில வருடங்களில் அங்கே முளைத்த நிரந்தரப் பற்கள் கறையில்லாமல் வெளியே வந்தன. தண்ணீர்ச் சோதனையால் பிடிக்க முடியாததை, தன் பிள்ளை வாயைத் தினமும் பார்க்கிற தாய் தகப்பன் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். மருத்துவ வரலாறு இவர்கள் பெயரை எழுதி வைக்கவில்லை, ஆனால் இந்தக் கண்டுபிடிப்பில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

அந்தத் தண்ணீரில் இருந்தது என்ன என்பதற்கு விடை அலுமினியக் கம்பெனி ஒன்றிலிருந்து வந்தது. ஆர்கன்சா மாநிலத்தில் பாக்சைட் என்று ஓர் ஊர். அல்கோவா நிறுவனத்தின் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த இடம். அங்கே பிள்ளைகளுக்குக் கறை உண்டு, ஐந்து மைல் தள்ளி இருக்கும் அடுத்த ஊரில் இல்லை. மெக்கேயும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் குரோவர் கெம்ப்பும் போய்ப் பார்த்து எழுதிய அறிக்கை, அல்கோவாவின் தலைமை வேதியியலாளர் எச். வி. சர்ச்சிலின் மேஜைக்கு வந்தது. அலுமினியப் பாத்திரம் விஷம் என்று அப்போது ஒரு பேச்சு பரவியிருந்தது. இந்தக் கறையையும் நம் தலையில் கட்டிவிடுவார்களோ என்று அவருக்குக் கவலை. பாக்சைட் ஊர்த் தண்ணீரை வரவழைத்து நிறமாலைச் சோதனை செய்யச் சொன்னார். லிட்டருக்கு 13.7 மில்லிகிராம் ஃபுளோரைடு! நம்ப முடியாமல் மறுபடியும் சோதிக்கச் சொன்னார், அதே விடைதான். 1931 ஜனவரியில் மெக்கேக்குக் கடிதம் எழுதி, கறை கண்ட மற்ற ஊர்த் தண்ணீரையும் அனுப்பச் சொன்னார். எல்லாவற்றிலும் ஃபுளோரைடு அதிகமாகவே இருந்தது.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. 1937இல் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் எச். இ. ஷார்ட்டும் அவருடைய சகாக்களும், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டக் கிராமங்களில் இதே பாதிப்பைக் கண்டு எழுதினார்கள். அங்கே பல்லோடு நிற்கவில்லை. முதுகெலும்பு விறைத்துக் குனிய முடியாமல் போனவர்களும் இருந்தார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகளிலும் இதே உப்புதான் தொல்லை. 2013இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரித் தண்ணீரைக் கொண்டு செய்வது, ஓக்லிக்காரர்கள் செய்த அதே வைத்தியம்தான்.

எவ்வளவு ஃபுளோரைடு வரை கறை வராது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டவர் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் எச். டிரெண்ட்லி டீன். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருந்தால் பெரும்பாலானவர்களுக்குக் கண்ணில் படும்படியான கறை வருவதில்லை என்று 1930களில் கணித்தார். அந்த அளவே சொத்தையைத் தடுக்கவும் போதுமா? 1945 ஜனவரி 25 அன்று மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் உலகிலேயே முதலாவதாகத் தன் குடிநீரில் ஃபுளோரைடைச் சேர்த்தது. பதினோரு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளிடம் சொத்தை அறுபது சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது.

தண்ணீரில் பலித்தது பற்பசையில் உடனே பலிக்கவில்லை. பல்லைத் தேய்க்கப் பசையில் சேர்க்கிற சுண்ணாம்புத் தூள், ஃபுளோரைடைத் தன்னோடு கட்டிப்போட்டுவிடும். பல்லுக்குப் போய்ச் சேர ஒன்றும் மிஞ்சாது. இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஜோசப் மியூலர் குழுவினர், வெள்ளீயத்தோடு சேர்ந்த ஃபுளோரைடையும் அதைச் சும்மா விடுகிற வேறொரு தேய்ப்புத் தூளையும் இணைத்து வழி கண்டார்கள். அதைத்தான் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் கிரெஸ்ட் என்ற பெயரில் 1950களின் நடுவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1960இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அதற்கு அங்கீகாரம் கொடுத்தது.

ஃபுளோரைடு வயிற்றுக்குள் போய் இரத்தம் வழியாகப் பல்லைச் சேர்வதுதான் முக்கியம் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, பெரும் பலன் பல்லின் மேற்பரப்பில் படுவதால் கிடைக்கிறது என்று. வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன. அமிலம் எனாமலிலிருந்து தாதுக்களைக் கரைக்கிறது. எச்சில் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. கரைவதும் சேர்வதும் நாள் முழுக்க நடக்கிற வரவு செலவு. எச்சிலில் கொஞ்சம் ஃபுளோரைடு இருந்தால் வரவு கூடுகிறது, சேர்கிற தாதுவும் அமிலத்துக்கு முன்னைவிட அதிகம் தாக்குப்பிடிக்கிறது. ஆகவே பசை பல்லில் பட்டால் போதும், விழுங்கத் தேவையே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. இந்தியாவில் பற்பசையில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது, அளவை டியூபில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். 1000 பிபிஎம் பசை ஒரு கிராமில் 1 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கும். கிராண்ட் ராப்பிட்ஸின் ஒரு லிட்டர் தண்ணீரில் இருந்த அதே அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் ப்ரஷ் முழுக்கப் பிதுக்கிக் கொடுத்து, துப்பத் தெரியாத இரண்டு வயதுக் குழந்தை அதை இனிப்பாக விழுங்கினால், நிரந்தரப் பல்லின் எனாமல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் அதே வயதில் மெக்கே பார்த்த கறைக்கு நாமே இடம் கொடுக்கிறோம். முதல் பல் தலைகாட்டியதிலிருந்து மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு என்று மருத்துவர்கள் வரையறுப்பது இதனால்தான். அரிசி அளவில் இருப்பது சுமார் 0.1 மில்லிகிராம். முழுவதையும் விழுங்கிவிட்டாலும் பயமில்லை. கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டங்களில் இருப்பவர்கள் மட்டும், எந்தப் பசை என்பதைப் பல் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்வது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "பால் பல்தானே, விழுந்து முளைக்கப் போகிறது" என்று நம் வீடுகளில் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. முன்பற்கள் ஆறேழு வயதில் விழுந்துவிடும், சரி. பால் கடைவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டியவை. அடியில் வரப்போகிற பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பவையும் அவைதான். சொத்தை வலியில் இரவெல்லாம் அழுகிற பிள்ளைக்கு அது பால் பல்லா நிரந்தரப் பல்லா என்ற பேதம் தெரியாது. பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் பழக்கம்தான் மேல்வரிசை முன்பற்களை முதலில் அரிக்கிறது. தூங்கும்போது எச்சில் குறைந்துவிடும், அமிலத்தைக் கழுவ ஆள் இருக்காது. ராத்திரிப் பாலைக் கொடுத்து முடித்த பிறகு தேய்த்துவிட வேண்டும். தேய்ப்பதும் பெரியவர் கையாக இருக்க வேண்டும், ஏழெட்டு வயது வரைக்கும். அதற்கு முன் குழந்தையின் கைக்குக் கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் எட்டாது.