காலாவதியான கணினி இயங்குதளம்: இணையம் வழியே புதுப்பிப்பது எப்படி?

திருச்சி பாலக்கரையிலும் ஸ்ரீரங்கத்திலும் பல வீடுகளில் பீரோவின் மேல் ஒரு மடிக்கணினி தூசி படிந்து கிடக்கிறது. பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அப்போதைய முதல்வர் ஜெயலலிதாதான் ஸ்ரீரங்கம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும்கூட. அதை வாங்கிய பிள்ளை படித்து முடித்து துபாய்க்கோ குவைத்துக்கோ போய்விட்டார். தங்கைக்குக் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் போட வேண்டும் என்று வரும்போது கணினி கீழே இறங்குகிறது. அப்போதுதான் எந்த இணையதளமும் திறக்க மறுக்கிறது.

முதலில் திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் சும்மா கிடந்த கணினியில், தாய்ப்பலகையில் இருக்கும் காசு அளவு மின்கலம் தீர்ந்து, தேதி பத்துப் பதினைந்து வருடம் பின்னால் போயிருக்கும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள் எல்லாமே "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்றுதான் சொல்லும். தேதியைத் திருத்தினாலே சில கணினிகள் உயிர் பெற்றுவிடும். அந்த மின்கலத்தின் விலையும் குறைவுதான்.

தேதி சரியாக இருந்தும் தளங்கள் திறக்கவில்லை என்றால் காரணம் வேறு. ஒரு தளம் உண்மையானதா என்று சரிபார்க்க, இயங்குதளத்துக்குள்ளே மூலச் சான்றிதழ்கள் வைக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கும் காலாவதித் தேதி உண்டு. 2021 செப்டம்பர் 30-ல் அப்படி ஒரு முக்கியமான சான்றிதழ் காலாவதியானபோது, அதுவரை ஓடிக்கொண்டிருந்த பழைய கணினிகளும் கைபேசிகளும் உலகம் முழுவதும் பல தளங்களைத் திறக்க முடியாமல் நின்றன. புதுப்பிப்புகள் பெற்றுவந்த கணினிகளுக்குப் புதிய சான்றிதழ்கள் முன்பே வந்து சேர்ந்திருந்தன.

ஆதரவு முடிந்தது என்றால் என்ன?

விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரி 10, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. இந்தத் தேதிகளோடு மைக்ரோசாஃப்ட் அவற்றுக்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. மறுநாள் காலையும் கணினி வழக்கம்போல்தான் எழும். அதனால்தான் "நல்லாத்தானே ஓடுது" என்று விட்டுவிடுகிறோம்.

நம் ஊர்க்காரர்களுக்குக் கொள்ளிடம் பழைய பாலம் நினைவிருக்கும். 1928-ல் கட்டிய இரும்புப் பாலம். பக்கத்தில் புதிய பாலம் வந்ததும் பழையதில் வாகனங்களை நிறுத்தினார்கள். பாலம் நின்றுகொண்டுதான் இருந்தது. காலையில் மக்கள் நடைப்பயிற்சிக்கும் போனார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. வாகனம் எதுவும் அதில் ஓடாததால் பெரும் விபரீதம் இல்லை. ஆதரவு முடிந்த கணினியும் இப்படித்தான். கடிதம் தட்டச்சு செய்ய அதில் நடந்து போகலாம். வங்கிக் கணக்கு என்ற பேருந்தை அதன் மேல் ஓட்டக் கூடாது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2017 மே 12 அன்று வான்னாகிரை என்ற பிணைத்தொகை வைரஸ் உலகமெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-ல் வெளியிட்டிருந்தது. அதை நிறுவாதவர்களும், ஆதரவு முடிந்ததால் திருத்தமே வராதவர்களும் அந்த வைரஸுக்கு வழிவிட்டார்கள். இன்னொன்றும் உண்டு: புதிய பதிப்புக்கு ஒரு திருத்தம் வெளிவரும்போது, பழைய பதிப்பில் அதே ஓட்டை எங்கே இருக்கிறது என்று திருடர்களுக்கும் அது காட்டிக்கொடுத்துவிடுகிறது.

தொடங்கும் முன்

விண்டோஸ் கணினியில் விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, 'வின்வெர்' என்பதை ஆங்கிலத்தில் தட்டினால் என்ன பதிப்பு என்று தெரியும். கணினியின் பண்புகள் பக்கத்தில் நினைவகம் எவ்வளவு, 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள். எந்த வழியில் போவது என்பதை இந்த மூன்றும்தான் முடிவு செய்யும்.

பிறகு கோப்புகளைப் பிரதி எடுங்கள். ஒரு பென்டிரைவ் போதாது. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் இன்னொரு பிரதி இருக்கட்டும். இயங்குதளத்தை மாற்றும்போது நடுவில் ஏதாவது நேர்ந்தால் திரும்பிப் போக வேறு வழியில்லை. ஜமாஅத் அலுவலகக் கணினி என்றால் இன்னும் கவனம் வேண்டும். நிகாஹ் பதிவுகள், சந்தா கணக்கு, பைத்துல்மால் உதவி பெற்றவர்களின் விவரம் எல்லாம் பிறருடைய அமானிதம்.

பலர் மறந்துவிடும் ஒன்று எழுத்துரு. நம் பழைய கடிதங்களும் நோட்டீஸ்களும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. கோப்பை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு புதிய இயங்குதளத்தில் திறந்தால், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிட வேண்டாம். விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள 'ஃபாண்ட்ஸ்' கோப்புறையையும் சேர்த்துப் பிரதி எடுத்திருந்தால் அந்த எழுத்துருவைத் திரும்ப நிறுவிக்கொள்ளலாம். நேரம் கிடைக்கும்போது முக்கியமான ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது.

மின்சாரத்தையும் பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பழைய மடிக்கணினியின் பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும்; மின்சாரம் போன நொடியில் கணினியும் அணைந்து, நிறுவல் பாதியில் நிற்கும். அடுத்தது டேட்டா. விண்டோஸ் 11-ன் நிறுவல் கோப்பு மட்டும் 5 ஜிபிக்கு மேல். தினம் 1.5 ஜிபி தரும் கைபேசித் திட்டத்தில் அது ஒரே நாளில் இறங்காது. பிராட்பேண்ட் உள்ள வீட்டில் வைத்துச் செய்யுங்கள்.

எந்தக் கணினிக்கு எந்த வழி?

விண்டோஸ் 10 உள்ளவர்களுக்கு வேலை எளிது. அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால், கணினிக்குத் தகுதி இருந்தால் விண்டோஸ் 11 இலவசமாக அங்கேயே வரும். 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவை தேவை. இன்டெல் கணினி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலி அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். தகுதி இல்லாத கணினியிலும் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம் என்று கடைகளில் சொல்வார்கள். ஓடவும் ஓடும். ஆனால் அப்படிப்பட்ட கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. புதுப்பிப்புக்காகத்தானே இவ்வளவு பாடும்?

தகுதி இல்லாத விண்டோஸ் 10 கணினிகளுக்கு ஓர் அவகாசம் உண்டு. நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து கணினி அமைப்புகளை அதில் சேமித்தால் கட்டணம் இல்லை. இல்லையென்றால் 30 டாலர். அதே விண்டோஸ் அப்டேட் பக்கத்தில்தான் இதற்கான பொத்தானும் இருக்கிறது.

விண்டோஸ் 7, 8 கணினிகளின் நிலை வேறு. விண்டோஸ் 7-லிருந்து கோப்புகள் அப்படியே இருக்க நேரடியாக 11-க்கு ஏற முடியாது. பழைய 7, 8 உரிம எண்ணை வைத்துப் புதியதைச் செயல்படுத்தும் வழியையும் 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது. இந்த இடத்தில்தான் பலர் 'ஆக்டிவேட்டர்' என்ற திருட்டு மென்பொருளைத் தேடிப் போகிறார்கள். அது அடுத்தவர் பொருள் என்பது ஒரு பக்கம். அதை ஓட்ட வைரஸ் தடுப்பானை நிறுத்தச் சொல்வார்கள் என்பது இன்னொரு பக்கம். பூட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் திருடன் வரமாட்டான் என்று எதிர்பார்ப்பதுதான் அது.

இப்படிப்பட்ட கணினிகளுக்கு நான் சொல்வது லினக்ஸ். இது நமக்குப் புதியதும் அல்ல. அரசு கொடுத்த அந்த மடிக்கணினிகளிலேயே விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. எக்ஸ்பியின் ஆதரவு முடியப் போகிறது என்று 2013-லேயே தமிழ்நாடு அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸ் நிறுவச் சொன்னது. பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் படித்த அப்துல் கலாம் அவர்களும், குடியரசுத் தலைவராக இருந்தபோது 2003-ல் புனேயில் பேசுகையில், திறந்த மூல மென்பொருளை இந்தியா பெரிய அளவில் பயன்படுத்த வேண்டும் என்று வலியுறுத்தினார்.

லினக்ஸும் காலாவதி ஆகும். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்குப் பொதுவாக 5 ஆண்டு ஆதரவு. இடைப்பட்ட பதிப்புகளுக்கு 9 மாதம்தான். ஆதரவு முடிந்ததும் அதன் மென்பொருள் தொகுப்புகள் வழக்கமான சர்வரிலிருந்து பழைய பதிப்புகளுக்கான காப்பகத்துக்கு மாற்றப்படும். பழைய உபுண்டுவில் அப்டேட் கொடுத்தால் "கிடைக்கவில்லை" என்று வருவது இதனால்தான், கணினி கெடவில்லை. தொகுப்பு மூலங்களின் பட்டியலில் உள்ள முகவரியைக் காப்பக முகவரியாக மாற்றி, இருக்கும் பதிப்பை முழுமையாகப் புதுப்பித்து, அதன் பிறகு அடுத்த பதிப்புக்கு ஏற வேண்டும். படியைத் தாண்ட முடியாது: 18.04-லிருந்து 20.04, பிறகு 22.04, பிறகு 24.04. ஒவ்வொரு படிக்கும் ஒன்றிரண்டு மணி நேரமும் சில ஜிபி டேட்டாவும் ஆகலாம். மூன்று படிக்கு மேல் இருந்தால், கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு புதிய பதிப்பைப் பென்டிரைவில் இறக்கி நேராக நிறுவுவதே மேல். 2 ஜிபி நினைவகம் உள்ள கணினிக்கு உபுண்டுவைவிட லுபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இலகுவானது. 32 பிட் மட்டுமே ஏற்கும் கணினி என்றால் டெபியன் 12 வரைதான். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் அதற்கான நிறுவல் கோப்பு இல்லை.

எதை இறக்கினாலும் அதை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். "உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரையில் வருவதும், "மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம்" என்று வரும் அழைப்பும் மோசடி. கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொன்னால் தொடர்பைத் துண்டியுங்கள். வீட்டில் தனியாக இருக்கும் பெற்றோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். மகன் வெளிநாட்டில் இருக்கும் வீடு என்றால் கணக்கில் பணம் இருக்கும் என்று மோசடிக்காரர்கள் கணக்குப் போடுவார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

எந்த வழிக்கும் ஒத்துவராத கணினியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சேமித்து வைத்த கடவுச்சொற்களை அழித்து, வைஃபையை நிறுத்தி, இணையம் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சுப் பழகவும், கிராஅத் ஒலிப்பதிவுகள் கேட்கவும் அது இன்னும் சில வருடம் தாங்கும். விற்பதாக இருந்தால், ஹார்ட் டிஸ்க்கை முழுவதுமாக அழித்த பிறகு கொடுங்கள்.