ஆலோசகரும் கரிமணலும்

'ஆலோசகர்' என்பது சாதுவான சொல். முடிவெடுப்பவர் வேறு, யோசனை சொல்பவர் வேறு என்று நம்ப வைப்பதே அச்சொல்லின் அரசியல். சர் சி.பி. ராமசாமி அய்யரின் திருவிதாங்கூர்க் காலத்தை வாசித்தால் இந்தப் பிரிவினை எங்கேயும் நிற்கவில்லை.

சென்னை மாகாண நிர்வாக சபையில் சட்ட உறுப்பினராக இருந்தவர், 1931ல் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் சட்ட ஆலோசகராக வருகிறார். 1936 முதல் 1947 வரை திவான். பள்ளிவாசல் மின்சாரம், அதை நம்பி ஆலுவாயில் அலுமினிய ஆலை, உர ஆலை. முதலாளிகளுக்கு மின்சாரம், மன்னருக்குப் புகழ். இதையெல்லாம் மறைத்து அவரை வெறும் வில்லனாக்குவது மேடைப்பேச்சின் சோம்பேறித்தனம். 1936 நவம்பரில் வந்த ஆலயப் பிரவேசப் பிரகடனமும் லேசான காரியமில்லை. ஆனால் 1926லேயே சுசீந்திரத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காக சத்தியாக்கிரகம் நடந்துவிட்டது. போராடிக் கேட்டதை 'அருளப்பட்டது' என்று மாற்றி எழுதுவதில்தான் ஆலோசகரின் சாமர்த்தியம் இருந்தது.

இந்தச் சாமர்த்தியத்தின் எல்லையை மணவாளக்குறிச்சி மணலில் பார்க்கலாம். கயிற்றில் ஒட்டிப்போன மணலில் மோனசைட் இருப்பதை 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். அன்றைக்கு அதிலுள்ள தோரியம் வெறும் விளக்கு மேண்டிலுக்குத்தான். 1945ல் ஹிரோஷிமாவுக்குப் பிறகு அதே மணல் அணுசக்திக் கச்சாப்பொருளாகிவிட்டது. சி.பி. கையில் துருப்புச்சீட்டு. 1947 தொடக்கத்தில், மூன்று வருஷத்தில் 9000 டன் மோனசைட் தருவதாக பிரிட்டனோடு உடன்பாடு. பதிலுக்குத் திருவிதாங்கூரில் ஒரு தோரிய ஆலை. அந்த ஜூனில் திருவிதாங்கூர் தனிநாடாகும் என்று அறிவிக்கிறார். அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இந்த மணலும் இருந்தது என்றே வாசிக்க வேண்டியிருக்கிறது.

பேரம் பேசப்பட்ட மணலில் வள்ளம் இழுத்தவர்களிடம் யார் கேட்டா? கேட்கவேண்டிய அவசியமே இல்லாதபடிதான் அவர் அரசியலமைப்பை வரைந்தார். 1946ல் முன்வைத்த 'அமெரிக்க மாதிரி'யில் திவானைச் சட்டசபை நீக்க முடியாது. அதை எதிர்த்த புன்னப்புரை - வயலார் தொழிலாளர்களுக்கு 1946 அக்டோபரில் துப்பாக்கிதான் பதில் சொன்னது. நாஞ்சில் நாட்டுத் தமிழர்களோ தமிழகத்தோடு சேரவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தனிநாட்டுத் திட்டத்தில் அந்தக் குரலுக்கும் இடமில்லை.

1947 ஜூலை 25ல் திருவனந்தபுரம் இசை விழாவில் சி.பி. வெட்டப்பட்டார். உயிர் பிழைத்தார். சமஸ்தானம் இந்தியாவில் சேர்ந்தது. ஆகஸ்டில் பதவியை விட்டுப் போனார். ஆள் போனார், தர்க்கம் போகவில்லை. 1950ல் இந்திய அருமணல் ஆலை நிறுவனம் வந்தது. 1956ல் நாம் தமிழகத்தோடு சேர்ந்தோம். 2024ல் கிள்ளியூர் வட்டத்தில் 1144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தைக் கடற்கரை மக்கள் எதிர்த்தபோதும் 'தேச நலன்', 'வளர்ச்சி' என்ற பழைய சொற்களே பதிலாக வந்தன. சமஸ்தானத்தின் இடத்தில் தேசம். மணலுக்கு மேலே குடியிருப்பவன் இன்றைக்கும் ஆலோசனைக்கு வெளியேதான் நிற்கிறான்.