தொழில்சார் வாசிப்புத் திறன்

பள்ளிப் படிப்பை முடித்து வேலையையோ போட்டித் தேர்வையோ குறிவைக்கும் இளைஞர், அந்தத் துறையின் எழுத்துகளைப் புரிந்து படித்துப் பயன்படுத்தும் ஆற்றலே தொழில்சார் வாசிப்புத் திறன். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிவது வேறு, இது வேறு. பிலிப் கஃப், வில்லியம் டன்மர் இருவரும் 1986-இல் முன்வைத்த ‘எளிய வாசிப்புப் பார்வை’ இதைப் பெருக்கல் கணக்காகவே சொல்கிறது. எழுத்தைச் சொல்லாக அறியும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது வாசிப்பு; ஒன்று சுழியானால் விடையும் சுழி. பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு முதலாவது கைவந்திருக்கும். சறுக்கல் இரண்டாவதில்தான்.

இருந்தும் சந்தையில் விலைபோவது வேகம். 1959-இல் அமெரிக்காவில் ஈவ்லின் வுட் தொடங்கிய வேக வாசிப்புப் பயிற்சியின் வாரிசுகள் இன்று கைபேசிச் செயலிகளாக உலவுகின்றன. கீத் ரேனரும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வு இந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை: வேகத்தைப் பெரிதாகக் கூட்டினால் புரிதல் குறைகிறது. கண் ஓடும் விதத்தைவிட மொழியறிவே வேகத்துக்கு எல்லை வகுக்கிறது. டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி 1988-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. 64 பள்ளி மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் விவரிப்பைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்புத் தேர்வில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்தவர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட அதிகம் நினைவுகூர்ந்தனர். ஆகவே திறனை வளர்க்க விரும்புகிறவர் முதலில் பெருக்க வேண்டியது தன் துறையின் சொற்களையும் பொருளறிவையும்தான்.

தேர்வுக் கூடத்தில் வேகம்தானே வேண்டும் என்று கேட்கலாம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் 3 மணி நேரத்தில் 200 வினாக்கள். ஒன்றுக்கு 54 வினாடி. ஆனால் அந்த வினாடிகள் எங்கே போகின்றன என்று பார்க்க வேண்டும். ‘கூற்று – காரணம்’ வகை வினாவில் கூற்றும் சரி, காரணமும் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை என்றொரு விடை உண்டு. அப்படியொரு வினா பற்றாக்குறைகளைப் பற்றி வந்தால், வருவாய்ப் பற்றாக்குறைக்கும் நிதிப் பற்றாக்குறைக்கும் வேறுபாடு தெரியாதவர் அதன் வரிகளைத் திரும்பத் திரும்பப் படிப்பார். தெரிந்தவர் ஒரே மூச்சில் கடந்துவிடுவார். வேகம் அறிவின் பின்னால் வருவது.

வயது கடந்துவிட்டதே என்பது அடுத்த தடை. ஸ்தானிஸ்லாஸ் தெஹேன் குழு 2010-இல் பிரேசில், போர்ச்சுகல் நாடுகளைச் சேர்ந்த 63 பெரியவர்களின் மூளையை ஆராய்ந்தது. வளர்ந்த பிறகே எழுத்தறிவு பெற்றவர்களிடமும் வாசிப்புக்கான மாற்றங்கள் காணப்பட்டன. இருபது வயதை யாரும் தாமதம் என்று சொல்ல முடியாது. கதை படித்தால் போதாதா என்போருக்குப் பாதி ஆம்: நாவல் சொல்வளத்தையும் நீண்ட நேரம் ஊன்றிப் படிக்கும் பொறுமையையும் தரும், இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கச் சொல்லித்தராது. வங்கி வேலைக்குப் போகிறவர் வணிகப் பக்கத்தையும், ஐடிஐ படிப்பவர் இயந்திரக் கையேட்டையும், செவிலியர் மாணவி மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் குறிப்புத் தாளையும் படிக்க வேண்டும். ஆங்கிலம் இடறினால் அதே பொருளை முதலில் தமிழில் படித்துவிட்டுப் போவது குறுக்குவழி அல்ல, முறையான வழி.

படிக்கும் முறையிலும் ஒரு பிழை பரவலாக உண்டு: கோடிட்டுக் கோடிட்டு மறுபடி படிப்பது. ரோடிகர், கார்பிக் என்ற ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் முந்தினர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பனுவலைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர்.

இவையெல்லாம் எழுத்துகளை எளிதாக அறிய முடிந்தவர்களுக்கு. எழுத்திலேயே தொடர்ந்து தடுமாறுகிறவருக்குச் சொல்வளம் மட்டும் உதவாது; அவருக்கு உரிய பரிசோதனையும் தனிப் பயிற்சியும் தேவை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில், இத்தகைய தடுமாற்றத்துக்குக் காரணமாகக்கூடிய கற்றல் குறைபாடும் ஒன்று.