சிலுவைக் குன்று

ஐரோப்பா என்றதும் உரோமையும் லூர்து நகருமே நம் நினைவுக்கு வருகின்றன. லித்துவேனியாவின் சௌலேய் நகருக்கு வடக்கே 12 கிலோமீட்டரில் உள்ள சிறு மேட்டை அறிந்தவர் நம்மில் சிலரே. 1387இல், ஐரோப்பாவிலேயே ஏறக்குறைய கடைசியாகத் திருமுழுக்குப் பெற்ற நாடு அது. பிந்தி வந்தவர்கள்தாம், ஆனால் எளிதில் விட்டுவிடவில்லை.

உருசியப் பேரரசுக்கு எதிரான 1831ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் மடிந்து, உடலும் கிடைக்காதவர்களுக்காக உற்றார் அங்கே சிலுவை நட்டனர் என்பர். 1961இல் சோவியத் அரசு மண்வாரி இயந்திரங்களை ஏவியது. மரச் சிலுவைகள் எரிந்தன, இரும்புச் சிலுவைகள் பழைய இரும்பாயின, கற்சிலுவைகள் புதையுண்டன. மக்களோ காவலுக்குத் தப்பி இரவில் வந்து மறுபடியும் நட்டனர். பலமுறை அழித்தும் பலன் இல்லை.

1993 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அங்கே திருப்பலி நிறைவேற்றினார். இன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட சிலுவைகள் அங்கே நிற்கின்றன. அவற்றில் தொங்கும் செபமாலைகள் காற்றில் உரசி ஒலிக்கின்றன.