உப்புத்தண்ணியில யோசிக்கிற சுற்று

முழுநிலா இரவில கல்லடிப் பாலத்தடியில தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு, மறுமுனையில காது வைச்சு மீன்பாட்டுக் கேட்ட கதை எங்கட பக்கத்துப் பல வீடுகளில் இருக்கும். நாங்கள் இன்றைக்குக் கதைக்கப்போவது அந்தத் தண்ணியின் உப்பைப் பற்றி. ஏனென்றால் மூளையும் உப்புநீரில்தான் வேலை செய்கிறது. நரம்புக் கலங்களுக்கு உள்ளும் புறமும் சோடியம், பொட்டாசியம் அயன்கள் போய்வருவதால்தான் செய்தி ஓடுகிறது. முழு மூளைக்கும் செலவு சுமார் 20 வாற்று!

கணினியில் நினைவகம் ஓரிடம், கணக்குச் செய்வது இன்னோரிடம். இரண்டுக்கும் நடுவில் தரவு அலைவதிலேயே நிறைய மின்சாரம் போய்விடும். மூளையில் அந்தப் பிரிவினை இல்லை. இதை யோசித்த கார்வர் மீட், 1980களில் அமெரிக்காவின் கால்டெக்கில், மூளையைப் பார்த்துச் சுற்று செய்யத் தொடங்கினார். அவரும் மாணவி மிஷா மஹோவால்டும் சிலிக்கனில் விழித்திரை ஒன்றைச் செய்தார்கள். ஆனால் சிலிக்கன் வளையாது, உப்புநீரும் அதற்கு ஆகாது.

வேறொரு வழி 1977இல் திறந்தது. ஷிரகாவா, மெக்டியார்மிட், ஹீகர் மூவரும் பிளாஸ்டிக்கிலும் மின்சாரம் நன்றாகக் கடத்தலாம் என்று காட்டினார்கள். 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. இப்படியான பொலிமர்களை மையாக்கி, வளையும் தாளில், ரீ-சேட்டுக்கு ஸ்கிரீன் பிரிண்ட் அடிக்கிற மாதிரி அச்சிடலாம். அயன்கள் உள்ளே புகுந்தால் அதன் கடத்துதிறன் மாறும். அந்த மாற்றம் நிலைத்து நின்றால், அதுதான் ஞாபகம். 2022இல் சுவீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தார் அச்சிட்ட செயற்கை நரம்புக் கலத்தைப் பூச்சி தின்னும் செடியொன்றோடு இணைத்தார்கள். துடிப்புப் போனது, இலை மூடிக்கொண்டது.

இவை இன்னும் மெதுவானவை, நீண்டகாலம் தாங்குவதும் கஷ்டம். பிறகு எங்களுக்கென்ன?

மாரியில் வயல் மூழ்கினால் ஆற்றுவாயை வெட்டச் சொல்வார்கள். வெட்டினால் வாவியின் உப்பு மாறும், மீனும் இறாலும் மாறும். விவசாயிக்கு ஒரு கணக்கு, மீன்பிடிக்கிறவருக்கு இன்னொரு கணக்கு. தண்ணிக்குள்ளேயே இருந்து உப்பை உணர்ந்து சொல்லும் மலிவான அச்சுத்தாள் ஒருநாள் வரலாம். அதை வாசிக்கத் தெரிந்தவர் யார், அந்தத் தரவு யார் கையில் என்பதுதான் கேள்வி.

கல்லடியில் சிவானந்தா வித்தியாலயத்தை 1929இல் தொடங்கிய விபுலாநந்தர் ஒரு விஞ்ஞானப் பட்டதாரி. தமிழில் கலைச்சொல் ஆக்கவும் உழைத்தவர். இந்தத் தொழில்நுட்பம் வாவிக்கு வரும்போது வெறும் வாங்குகிறவர்களாக நிற்காமலிருக்க, நாங்களும் அங்கிருந்துதான் தொடங்கவேணும்: எங்கட மொழியில விளங்கிக்கொள்வதிலிருந்து.