சரியான விடை தந்த தவறான வாய்பாடு

வேதிவினைகளில் ஒரு பொருளின் எடையைக் கொண்டு மற்றொன்றின் எடையைக் கணிக்கும் முறைக்கு ஸ்டாய்க்கியோமெட்ரி என்று பெயர். தனிமம், அளவு என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து 1792-இல் இப்பெயரை ஆக்கியவர் ஜெர்மானியரான ரிக்டர். இன்ன எடையுள்ள அமிலத்தைச் சமன்செய்ய இன்ன எடையுள்ள காரம் வேண்டும் என்பதே அவரது ஆய்வு. அதற்கு அணு தேவைப்படவில்லை, தராசு போதுமாயிருந்தது.

1808-இல் ஜான் டால்டன் தமது அணுக்கொள்கையை நூலாக்கியபோது ஒரு சிக்கல் முளைத்தது. நீரில் ஒரு பங்கு ஹைட்ரஜனுக்கு எட்டுப் பங்கு ஆக்சிஜன் உண்டெனத் தராசு சொல்லும். ஓர் ஆக்சிஜன் அணுவோடு சேர்ந்திருப்பது ஒரு ஹைட்ரஜன் அணுவா, இரண்டா என்று அது சொல்லாது. ஒன்றெனில் ஆக்சிஜனின் அணு எடை 8, இரண்டெனில் 16. எளிமையை விதியாகக் கொண்ட டால்டன் ஒன்றென்றே முடிவு செய்தார். (அக்காலச் சோதனைகளின் துல்லியக் குறைவால் அவர் தந்த எண் 7.)

இதில் வியப்பு என்னவெனில், வாய்பாடு தவறானாலும் எடைக்கணக்கு தவறவில்லை என்பதே. 1-உம் 8-உம் சேர்ந்து 9 ஆனாலென்ன, 2-உம் 16-உம் சேர்ந்து 18 ஆனாலென்ன, விகிதம் ஒன்றுதானே! விடை சரியாக வந்தமையால் பிழை ஒளிந்துகொண்டது.

சமகன அளவுள்ள வாயுக்களில், வெப்பநிலையும் அழுத்தமும் ஒன்றாயின், மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமம் என்று 1811-இல் அவகாட்ரோ எழுதினார். இரு கன அளவு ஹைட்ரஜன் ஒரு கன அளவு ஆக்சிஜனோடு கூடியே நீராகிறது என்பதோ முன்பே அறியப்பட்டிருந்தது. இரண்டையும் இணைத்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்திருக்கும். ஆனால், ஒரே தனிமத்தின் இரு அணுக்கள் தம்முள் இணையும் என்பதைப் பலர் ஏற்கவில்லை. 1856-இல் அவகாட்ரோ மறைந்தபோதும் அவரது கருத்து உரிய கவனம் பெற்றிருக்கவில்லை.

கரிமச் சேர்மங்கள் பெருகப் பெருகக் குழப்பம் வெளிப்பட்டது. அசிட்டிக் அமிலம் ஒன்றுக்கே 19 வாய்பாடுகள் வழங்கியதை 1861-இல் கெகுலே தம் நூலில் அடுக்கிக் காட்டினார்.

தீர்வு, ஜெனோவாவில் வேதியியல் கற்பித்த கன்னிசாரோவிடமிருந்து வந்தது. அவகாட்ரோவின் கருத்தைக்கொண்டு அணு எடைகளை ஒழுங்குசெய்து 1858-இல் அவர் எழுதிய சிறு நூல், 1860 செப்டம்பரில் கார்ல்ஸ்ரூ மாநாட்டில் கூடியவர்களுக்கு வழங்கப்பட்டது. அங்கிருந்த மெண்டலீவ், 1869-இல் தனிம அட்டவணையை அமைத்ததற்குத் திருத்திய அவ்வெடைகளே அடிப்படை.

இன்று மாணவன் ஒரு வரியில் எழுதிவிடும் 2, 16, 18 என்னும் எண்களை நிலைநிறுத்த அரை நூற்றாண்டு வாதிட வேண்டியிருந்தது. அந்த வாதத்தையும் சேர்த்துச் சொன்னால் கணக்கு இன்னும் விளங்கும்.